செங்காட்டு ஏரியின் ஓட்டு

எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் 412-ஆம் எண் எங்கள் ஏரி. பெயர் செங்காட்டு ஏரி. பெண். வயது தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. தந்தை பெயர் மழை.

மூன்று தேர்தலாக அவள் ஓட்டுப் போட வரவில்லை. நடக்கத் தண்ணீர் வேண்டுமே, பாவம். அதனால் இந்த முறை அவள் பெயருக்கு நேரே 'இறந்தவர்' என்று அச்சடித்துவிட்டார்கள். ஓட்டுப்பதிவு அன்று மாலை ஆறு மணிக்குள் நேரில் வந்து நின்றால்தான் பெயர் தங்கும். பட்டியலில் பெயர் இல்லாத ஏரியில் மனை போடத் தடையில்லை. ஒரு வேட்பாளரின் ஏஜென்ட் மாசிலாமணி, எல்லைக் கற்களை வண்டியில் ஏற்றி, ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

நான் விரலில் மை வைக்கும் அலுவலர். அதே பள்ளியில் டீச்சர். இருபது வருஷமாக அவள் கரைமேல்தான் நடந்து வருகிறேன். வந்துடு தாயே, வந்துடு என்று காலையிலிருந்து வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு, அடிமண்ணில் சேர்த்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தாள். கடைத்தெரு வழியாக, கணுக்கால் உயரத்தில், யார் வீட்டுப் படியும் ஏறாமல் வந்தாள். அவள் வாசலைக் கடப்பதைப் பார்த்து, வருஷக்கணக்காக ஓட்டே போடாமல் படுத்துக்கிடந்தவர்களெல்லாம் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிவந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசியாக அவள் நின்றாள்.

ஆறு அடித்தது. அப்போது வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து சீட்டுக் கொடுத்து வர வேண்டும், சீட்டு வாங்கியவர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்பது விதி. ஏரியின் தலை பள்ளி வாசலில் இருந்தது. வால் இன்னும் மதகைத் தாண்டவில்லை.

"பாதிக்கு மேல ஊருக்கு வெளிய கெடக்கு சார். இது எப்படி வரிசை?" என்றார் மாசிலாமணி.

"வரிசை எவ்வளவு நீளம் இருக்கணும்னு சட்டத்துல இல்லீங்க," என்று சொல்லிவிட்டுத் தலைமை அலுவலர் தனகோடி சார் பைக்கை எடுத்தார். மதகடியில் கிடந்த கடைசிக் கையளவு தண்ணீரிடம் முதல் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாசிலாமணி விடவில்லை. அவள் அடையாள அட்டையைப் பார்த்து, "படத்துல கரை தளும்ப இருக்கு. இது வேற ஏதோ தண்ணி," என்றார்.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த பூரணியக்கா பிடித்துக்கொண்டாள். "பதினஞ்சு வருஷம் காஞ்சு கெடந்தா நீ மட்டும் படத்துல இருக்கற மாதிரியே இருப்பியா? எங்க ஏரிய எங்களுக்குத் தெரியாதா?"

வரிசையே ஆமாம் என்றது. தனகோடி சார் 'இறந்தவர்' என்பதைச் சிவப்பு மையால் அடித்தார்.

ஏரி கைநாட்டு வைத்தாள். பதிவேட்டில் அந்த ஒரு கட்டம் மட்டும் நனைந்தது. பிறகு இடது வாய்க்காலை என்னிடம் நீட்டினாள். மைக்கோடு இழுத்தேன். தொள்ளாயிரம் வருஷம் ஊருக்கே சோறு போட்டவள், எல்லாரையும் போல ஒரே ஒரு ஓட்டுக்காக என் மேஜைக்கு முன்னால் நிற்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். யாருக்குப் போட்டாள் என்பது அவள் பாடு. பீப் சத்தம் மட்டும் தெரு முழுக்கக் கேட்டது. மாசிலாமணியும் எழுந்து நின்றார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் மழை நின்றிருந்தார், பெயர் சேர்க்கும் படிவத்தோடு. எழுதத் தெரியாது என்றார். நானே நிரப்பினேன். நிரந்தர முகவரி என்ற கட்டம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன்.

"இத்தனை நாளா ஊர் ஊராச் சுத்திட்டேன்மா. இனிமே மக வீடுன்னே போடுங்க," என்றார்.

அப்படியே எழுதினேன்.