தொப்பியைக் கழற்றாதவரின் மகன்

ஆல்ம்ஹிட்டா என்ற பழைய இரும்பாலை ஊருக்குப் போகும் கிளைச் சாலையில் பேருந்து திரும்பியதுமே பின் இருக்கையிலிருந்து ரூனே ஆரம்பித்துவிட்டார்.

"தோழர்களே, சத்தம் போடாதீங்க. நம்ம ஹில்டிங் அவங்க அப்பா கதையைச் சொல்லப் போறாரு. புதுக் கதை. யாருமே கேட்டதில்லை."

பேருந்து சிரித்தது. எல்லாரும் வெஸ்டெரோஸ் நகரத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஒரே தொழிற்சங்கக் கிளை. அந்தக் கதையைக் கேட்காதவர் அங்கே ஓட்டுநர் மட்டும்தான்.

"மத்தியானத்துக்கு வச்சிருக்கேன்" என்றார் ஹில்டிங்.

ஆலை இப்போது அருங்காட்சியகம். அதன் பழைய பட்டறையில் இன்று அவர் அதைச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகக்காரர்கள் ஒலிப்பதிவு செய்யப் போகிறார்கள். மே தினக் கூட்டங்களிலும் வேலைநிறுத்தப் பந்தல்களிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை இனி அவருக்குப் பிறகும் இருக்கும். அதற்காகவே புதுச் சட்டை போட்டிருந்தார். ஆலை மூடிய வருடம் அம்மாவோடு ஊரை விட்டுப் போனவர், அதன் பிறகு இந்தப் பக்கம் வந்ததில்லை.

ரூனேவால் பொறுக்க முடியவில்லை. ஓட்டுநருக்காக என்று சொல்லித் தானே எடுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் காலை. ஆலை எஜமான் மாளிகைப் படியில் நின்று வீட்டுக்கு ஒரு பன்றித்தொடை கொடுக்கிறார். உலைக்காரன், சம்மட்டிக்காரன், கரி சுமப்பவன், எல்லாரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையில். ஹில்டிங்கின் அப்பா அல்பின் மட்டும் தலையில் தொப்பியோடு போய் நிற்கிறார்.

"'அல்பின், அந்தத் தொப்பிக்குள்ள என்ன இருக்கு'ன்னு கேட்டாராம் எஜமான். அதுக்கு அல்பின் சொன்னாராம்..."

"தலை இருக்கு, எஜமான்!" என்று பேருந்தே கத்தியது.

ஓட்டுநரும் சிரித்தார். ஹில்டிங் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

மாளிகையிலிருந்து ஊதுலை வரை இரண்டு பக்கமும் லிண்டன் மரங்கள் நின்ற பாதையில் நடந்தார்கள். வலப்புறம் தொழிலாளர் வீடுகள், வரிசையாக, எல்லாம் ஒரே சிவப்பு. ஹில்டிங் முன்னால் நடந்தார். கையை நீட்டி நீட்டிச் சொன்னார்.

"இந்தச் சரளைப் பாதை அவங்களுக்கு. நாங்க நடக்கலாம், ஆனா மாளிகை ஆளுங்க எதிர்ல வந்தா புல்லுல இறங்கி நிக்கணும். பையனுங்க தொப்பியைக் கழட்டணும். பொண்ணுங்க முட்டியை மடக்கி வணக்கம் வைக்கணும். செய்யலைன்னா மறுநாள் பள்ளிக்கூடத்துல கேள்வி வரும்."

"நீ செஞ்சியா?" என்றார் ஸோல்வெய்க். கிளையில் அவரைப் போல நேராகக் கேட்பவர் வேறு யாரும் இல்லை.

"நான் யார் மகன்?"

எதிரே ஒரு கிழவி வந்துகொண்டிருந்தார். நான்கு சக்கர நடைவண்டியைத் தள்ளியபடி, அதன் கூடையில் ஒரு ரொட்டிப் பையோடு. கழுத்து மட்டும் வயதுக்குப் பொருந்தாமல் நேராக இருந்தது. அது ஹில்டிங்குக்குத் தெரிந்த கழுத்து. தெரிந்தது என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் இரண்டு காலும் ஈரப் புல்லில் இருந்தன. தொப்பி கையில் இருந்தது. கை நெஞ்சில் இருந்தது. தலை குனிந்திருந்தது.

"வணக்கம், சின்னம்மா" என்றது அவர் வாய். ஆலைக் குடும்பங்கள் எஜமானின் மகள் லோவிசாவை அப்படித்தான் கூப்பிட்டன.

"வணக்கம், வணக்கம். புல்லு ஈரமா இருக்கே, பாதையில நடங்க" என்று சொல்லிவிட்டு அவர் தாண்டிப் போனார். யாரென்றுகூடப் பார்க்கவில்லை.

ரூனே சிரித்திருக்கலாம். எதற்கும் சிரிக்கிற ஆள். அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். அந்த மரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை.

"ஷூ நனைஞ்சிடுச்சு பாரு" என்றார் ஸோல்வெய்க்.

ஹில்டிங் பாதையில் ஏறினார். தொப்பியைத் தலையில் வைத்தால் ஒரு மாதிரி, கையில் வைத்திருந்தால் இன்னொரு மாதிரி. மடித்துச் சட்டைப்பையில் திணித்தார். காது இரண்டும் எரிந்தன. அதன் பிறகு எந்த வீட்டைப் பற்றியும் அவர் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மூன்றாவது வீட்டை அருங்காட்சியகம் பழையபடியே வைத்திருந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை. அவர் பிறந்த வீடு. இழுத்து விரிக்கும் மரக்கட்டில், அதில் அவரும் இரண்டு அக்காக்களும் படுத்திருந்தார்கள். அம்மாவின் இரும்படுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் முன்னால் லோவிசா நின்றிருந்தார். பார்க்க வருகிறவர்களுக்குக் காபி ஊற்றுவது அவர் வேலை.

"சம்பளமெல்லாம் இல்லை, அவங்களா வர்றாங்க" என்றாள் தில்டா. அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் பெண். "மாளிகை எப்பவோ கைமாறிடுச்சு. ஓட்டலாக்கிட்டாங்க. இவங்க இந்த வரிசையிலேயே கடைசி வீட்டுல வாடகைக்கு இருக்காங்க."

லோவிசா கிண்ணத்தோடு அருகில் வந்து அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் அல்பின் மகனா? அதே தாடை. உக்காருங்க, உக்காருங்க."

ஹில்டிங் உட்கார்ந்தார். தன் வீட்டில் தன்னை உட்காரச் சொல்கிறார்கள். எதிரே ரூனே, பக்கத்தில் ஸோல்வெய்க், சுவரோரம் மற்றவர்கள். எல்லாரும் தன்னையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. பாதையில் போன மானத்தை இங்கேயே மீட்டுவிட வேண்டும் என்றும் தோன்றியது. ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப் போயிருக்கு" என்றார்.

ஆறவில்லை.

"அப்படியா? மன்னிச்சுக்குங்க."

"சூடு பண்ணிக் கொண்டு வாங்க."

நடைவண்டி வாசலில் நின்றிருந்தது. லோவிசா ஒரு கையில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மறுகையால் மேசை விளிம்பைப் பிடித்துப் பிடித்து அடுப்புக்குப் போனார். ஹில்டிங் அவர் முதுகைப் பார்த்துப் பேசினார். கூட்டங்களில் பேசும் குரல்.

"எங்க அம்மா உங்க மாளிகைப் படியை முட்டி போட்டுத் தேய்ச்சா. ஒரு காபியைச் சூடா வைக்க உங்களுக்கு ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கலையா?"

சொல்லிவிட்டு வழக்கம் போல ஒரு நொடி நிறுத்தினார். சிரிப்பு வர வேண்டிய இடம். ரூனே தன் தட்டிலிருந்த லவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியை வட்டம் வட்டமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கிண்ணம் தட்டில் கடகடவென்று ஆடியபடி திரும்பி வந்தது. கொஞ்சம் மேசையில் சிந்தியது. லோவிசா அதைத் தன் இடுப்பில் கட்டியிருந்த துணியால் ஒற்றினார்.

"இப்ப சரியா இருக்கா?"

கேட்டுவிட்டு நின்றார். அவர் குடித்துப் பார்த்துச் சொல்லும்வரை நகரவில்லை. ஆலை மேலாளரின் மனைவி, தொழிலாளர் வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வரும் நாட்களில், அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும்வரை, இதே அடுப்பின் பக்கத்தில் அம்மா இப்படித்தான் நின்றிருந்தாள். கைகளைக்கூட இப்படித்தான் வைத்திருந்தாள்.

ஹில்டிங் குடித்தார். நாக்கு வெந்தது.

"சரியா இருக்கு."

லோவிசா அடுத்த மேசைக்குப் போனதும் ஸோல்வெய்க் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கும் அதே கேத்தல்லதான் ஊத்தினாங்க. வாயில வைக்க முடியலை, அவ்வளவு சூடு."

"விடு ஸோல்வெய்க்" என்றார் ரூனே. "வா, பட்டறையில தண்ணிச் சக்கரத்தால சம்மட்டியை ஓட்டப் போறாங்களாம்."

எல்லாரும் எழுந்து போனார்கள். வழக்கமாக வாசலில் நின்று 'வர்றியா கிழவா' என்று கத்தும் ரூனே இன்று கத்தவில்லை.

லோவிசா கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹில்டிங் போய்ப் பக்கத்தில் நின்றார். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. ஆணியில் தொங்கிய துணியை எடுத்து ஒரு கிண்ணத்தைத் துடைத்தார்.

"ஐயோ, அது துடைக்கிறதுக்கு இல்லை. பார்க்கிறதுக்கு வச்சது."

ஓரத்தில் சிவப்பு நூலில் யாருடைய பெயரெழுத்துகளோ தைத்திருந்த துணி. அவர் அதைத் திரும்ப மாட்டினார். நடுவில் ஈரம் பட்டையாகத் தெரிந்தது. மடிப்பைத் திருப்பி அதை மறைத்தார்.

காபியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். வேறு ஒன்று வந்தது.

"காலையில பாதையில புல்லுல நின்னது நான்தான்."

"அப்படியா?" லோவிசா யோசித்தார். "எனக்குக் கண்ணு சரியில்லை. கிட்ட வந்தாத்தான் முகம் தெரியும். ஆபரேஷனுக்கு எழுதி வச்சிருக்காங்க."

"அப்புறம் அந்தக் காபி..."

அவர் முடிக்கவில்லை. லோவிசாவும் முடிக்க விடவில்லை.

"பழைய அடுப்பு" என்றார், கிண்ணத்தைக் கவிழ்த்தபடி. "சில நேரம் சூடே ஏற மாட்டேங்குது."

"ஆமா" என்றார் ஹில்டிங். "பழைய அடுப்பு."

வெளியே வந்து சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே திரும்பிப் போகலாம். வாசல் நான்கு எட்டில் இருந்தது. தில்டா பட்டறையிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் பட்டறைக்குப் போனார்.

அங்கே வெளியூர்க்காரர்கள் நிறைய இருந்தார்கள். குழந்தைகளோடு குடும்பங்கள், ஏதோ ஒரு பாடகர் குழு. தில்டா மைக்கை அவர் சட்டையில் குத்தினாள். அவர் ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் காலை, பனி, மாளிகைப் படி. குரல் தானாகவே தன் மேடுபள்ளங்களில் ஏறி இறங்கியது. தொப்பிக்குள் என்ன என்று எஜமான் கேட்டார். தலை என்று அல்பின் சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சங்கத்துக்காரர்களும் கைதட்டினார்கள். யார் பேசினாலும் தட்டுகிற அளவுக்கு.

லோவிசாவும் வந்திருந்தார். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற ஸோல்வெய்க்கிடம் சொன்னது ஹில்டிங்குக்கும் கேட்டது.

"எங்கப்பா அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேசலை. நான் படியில நின்னு பார்த்தேன். அல்பின் அப்புறம் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினாரு. எங்கப்பாவுக்கு இல்லை, எனக்கு. நல்ல கிறிஸ்துமஸ்னு சொல்லிட்டுப் போனாரு."

இதை ஹில்டிங் கேட்டதே இல்லை. அப்பா சொன்னதும் இல்லை.

தில்டா ஹெட்போனைக் கழற்றினாள். "மன்னிச்சுக்குங்க ஐயா, தண்ணிச் சக்கரத்தோட சத்தமும் பதிவுல விழுந்திடுச்சு. இப்ப நிறுத்தச் சொல்லிட்டேன். இன்னொரு தடவை சொல்றீங்களா?"

"இதை எங்க போடுவீங்க?"

"உங்க சமையலறையிலதான். கட்டில் பக்கத்துல ஒரு பொத்தான் வைக்கிறோம். வர்றவங்க கேக்கிறதுக்கு லோவிசா அம்மா அழுத்துவாங்க. இந்தக் கதை அங்க இருக்கணும்னு கேட்டதே அவங்கதான்."

ஹில்டிங் ரூனேவைத் தேடினார். ரூனே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிடு ஹில்டிங். பஸ் காத்திருக்கு."

சக்கரம் நின்றது. பட்டறை அமைதியானது. தில்டா விரலைத் தூக்கிக் காட்டினாள். ஹில்டிங் தொண்டையைச் செருமிக்கொண்டு கிறிஸ்துமஸ் காலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். படியில் நின்ற பெண்ணை அவர் சேர்க்கவில்லை. முதல் தடவையைவிட நன்றாக வந்தது.