கிருபாகரன் பேரில் போட்ட ஊசி

ஊசி போட்ட மூன்றாம் நாள் வீக்கத்தை அளக்க வேண்டும். சாராள் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டுக்கே போனாள். ஐஸ் இறக்கும் கிருபாகரன் தோளில் பெட்டியோடு வந்தான்.

"சட்டைக் கையத் தூக்கு அண்ணாத்த."

வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. ஐஸ் பட்டு வெளிறிய தோல்தான் இருந்தது.

"வலி? காய்ச்சல்?"

"எனக்கா? போ சாராளு, வேலை கீது."

சைபர் என்று எழுதிக்கொண்டாள். அதில் அதிசயம் இல்லை. காசநோய்க்குப் புதுத் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. நோயாளி இருந்த வீடுகளில் நோய் வராதவர்களுக்குப் போடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு ஊசி, ஒரு மாத இடைவெளியில். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று செங்கல்பட்டு டாக்டருக்கும் தெரியாது, வீடு வீடாகப் போய்ப் பதிவெடுக்கும் சாராளுக்கும் தெரியாது.

ஊசி போட்டவர் தினமும் காய்ச்சலைக் குறித்துவைக்கும் அட்டையை வாங்க அவன் வீட்டுக்குப் போனாள். போன வருஷம் காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை தின்று தேறியவள் அவன் மனைவி ரெஜினா. அவள்தான் அட்டையைக் கொடுத்தாள். முதல் நாள் நூறு. இரண்டாம் நாள் நூற்றியொன்று. கை வீக்கம், ஆம்.

"அண்ணி, அவரு ஒண்ணுமில்லன்னாரே?"

ரெஜினா உள்ளே கையைக் காட்டினாள். உள்ளே பாயில் கிருபாகரனின் தம்பி ஜோஷ்வா போர்த்திக்கொண்டு கிடந்தான். பெயிண்ட் அடிக்கிறவன், அண்ணனுக்கு ஒரு வயதுதான் இளையவன், அதே முகம். சாராள் போர்வையை விலக்கினாள். இடது கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"நீ ஏன்டா போட்டுகினே?"

"அண்ணனுக்கு அன்னிக்கி ரெண்டு லாரி லோடு அக்கா. மேஸ்திரி வுடல. நான் போயி நின்னேன். அட்டையில மட்டும் பொய் எழுதலக்கா. தெர்மாமீட்டர் வெச்சி பாத்துதான் எழுதினேன்."

இந்தத் தெருவில் இது ஏமாற்று இல்லை, உதவி. பேரைக் கூப்பிட்டால் ஓர் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சாராளின் அம்மாவே நூறு நாள் வேலையில் சித்தி பேரில் மண் வெட்டியிருக்கிறாள்.

ஆனால் ஊசி போட்ட அன்று மையத்தில் முகத்தையும் பதிவேட்டுப் போட்டோவையும் ஒப்பிட வேண்டியவள் சாராள். வாசலில் அறுபது பேர். ஜோஷ்வா மாஸ்க் போட்டிருந்தான். "கிருபாகரன்?" என்றாள். "ஆங்" என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டாள். அடுத்த மாதம் அவள் ஒப்பந்த வேலையைப் புதுப்பிக்கும் மாதம்.

ரெஜினா போன் போட்டு வரவழைத்த கிருபாகரன், விஷயம் தெரிந்ததும் சிரித்தான்.

"இதுக்கா இந்தப் பேஜாரு? அவன் ஒடம்புல போனா இன்னா, என் ஒடம்புல போனா இன்னா? ஒரே ரத்தம். என் பேர்ல சைபர்னு எழுதிட்டு போயேன். உனக்கும் வேலை மிஞ்சும்."

"நாளைக்கி உனக்கு டிபி வந்தா இன்னா எழுதுவாங்க? ஊசி போட்டும் வந்துச்சின்னு எழுதுவாங்க. நல்ல மருந்தா இருந்தா உன்னால அதுக்குக் கெட்ட பேரு. இவனுக்கு எதனா ஆனா, ஊசியே போடாதவன்னு நெனச்சி ஆசுபத்திரில வேற காரணம் தேடுவாங்க."

"எனக்கு ஏன் வரப்போவுது..."

"வாய மூடு," என்றாள் ரெஜினா. "ஆறு மாசம் என் பேர்ல எவளாச்சும் மாத்திர முழுங்கினாளா? நான்தான முழுங்கினேன்? நீ போன் பண்ணு சாராளு."

சாராள் ஏற்கெனவே எண்ணை அழுத்தியிருந்தாள். செங்கல்பட்டு டாக்டர் வத்சலா முழுவதையும் கேட்டார்.

"அடையாளம் பார்த்த கையெழுத்து யாரோடது?"

"என்னுது மேடம்."

"ஏன் பார்க்கலை?"

"கூட்டம். அது காரணம் இல்ல மேடம், பாக்கல. அவ்ளோதான்."

"ஜோஷ்வாவை இப்பவே கூட்டிண்டு வா. ரிப்போர்ட்டை நீயே எழுது."

மத்தியான பஸ்ஸிலேயே ஜோஷ்வாவை செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனாள். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. வீக்கம் ஒரு வாரத்தில் வற்றியது. ஜோஷ்வாவைப் பட்டியலில் சேர்க்காமலே தொடர்ந்து பார்ப்பதென்று முடிவானது. கிருபாகரனைப் பட்டியலிலிருந்து தூக்கவில்லை. இரண்டாவது ஊசி இல்லை, ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதி, மூன்று வருஷமும் அவனைப் பார்ப்பார்கள்.

சாராளுக்கு மெமோ வந்தது. பயிற்சியை முதலிலிருந்து முடிக்க வேண்டும். வேலையை ஒரு வருஷத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்குத்தான் நீட்டித்தார்கள். மூன்று மாதம் போதும் என்று நினைத்தாள். சோதனை நடக்கும் மற்ற இரண்டு கிராமத்துப் பதிவுகளையும் அவளே கேட்டு வாங்கி, போட்டோவும் கையுமாக வீடு வீடாக ஒப்பிட்டாள். அதில் ஒன்றான படாளத்தில் இன்னொரு ஆள்மாறாட்டம் அகப்பட்டது. மாமியாருக்காக மருமகள். அதையும் எழுதினாள். இந்த முறை போனில் டாக்டர் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. "இன்னும் எத்தனை வீடு பாக்கி?" என்றுதான் கேட்டார்.

சோதனைக்கு ரத்தம் எடுக்கும் நாளில் மையத்து வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கிருபாகரன் மாஸ்க்கோடு வந்து மேசை முன் நின்றான்.

"மாஸ்க்க எறக்கு."

"நான்தான் சாராளு. பொறந்ததுலேர்ந்து ஒரே தெரு. என்னைத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாத்த. எறக்கு."

பின்னால் வரிசை சிரித்தது. அவன் இறக்கினான். சாராள் போட்டோவைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். அப்புறம்தான் பேனா மூடியைக் கழற்றினாள்.