காவலுக்கு ஒரு நாய்கூட இல்லை

லிஃப்ட் மெக்கானிக்கின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு நகரம் இருந்தது. எண்பது மாடிக் கோபுரங்கள், ஓயாத மழை, மனிதர்களுக்கு இரும்புக் கை, கண்ணாடிக் கண். ஊரையே ஆளுகிற ஒரு கம்பெனி, அதன் முதலாளிக்கு எஃகில் செய்த தாடை. பதினைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நான்கு பேர் அந்த நகரத்துக்குள் போவார்கள். மெக்கானிக் கதையைச் சொல்லுவான். மற்ற மூன்று பேரும் தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுவார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும். விளையாட்டு அவ்வளவுதான்.

மூன்று பேரில் ஒருத்தி அவன் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள், மேசையில் சுவரேறும் திருடி. இன்னொருவர் அவள் புருஷன், பஸ் டிரைவர். நிஜத்தில் எறும்பை மிதிக்கவும் யோசிக்கிற அந்த மனிதர் மேசையில் இரும்புக் கையால் கதவைப் பிய்க்கும் அடியாள். மூன்றாவது, எதிர்வீட்டு மருந்துக்கடை அக்கா. வயது ஐம்பத்திரண்டு, மேசையில் எந்தக் கம்ப்யூட்டரின் பூட்டையும் உடைக்கும் கெட்டிக்காரி. கடையில் பில் போடும் மெஷின் மக்கர் செய்தால் மட்டும் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவாள்.

நோட்டின் முதல் பக்கத்தில் வருஷம் என்று எழுதியிருந்த இடத்தில் இரண்டு தடவை அடித்து எழுதியிருந்தது. முதலில் இரண்டாயிரத்து நாற்பது. அப்புறம் ஐம்பத்தைந்து. இப்போது எழுபது. என்ன செய்வது? முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் என்று எழுதினான். டிரைவரின் டெப்போவில் வருகைப் பதிவுக்கு அதையே மாட்டிவிட்டார்கள். டிரைவர் தாடி வளர்த்த மாதம் முழுக்க அவருக்கு ஆப்சென்ட். மெஷின் மனிதனைப் போலவே பேசி ஏமாற்றும் என்று எழுதினான். அக்காவின் மகன் அதைக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டுரை எழுதி முதல் மார்க் வாங்கிவிட்டான். கற்பனை என்று ஒன்றை எழுதி மை காய்வதற்குள் அதை எவனோ கடையில் வைத்து விற்கிறான். இதில் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அந்தக் குறுஞ்செய்தி வருகிறவரைக்கும்.

தங்கைக்கு இருபத்து நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. ஒன்றரை வருஷம் ஒன்றும் கேட்காமல் இருந்தாள். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதில் தொங்கும் பகுதி ஒன்று, காந்தத்தால் தலையில் ஒட்டும் வில்லை ஒன்று. பதினொரு வருஷமாக அதுதான் அவள் காது. லென்ஸைச் சக்கரத்தில் வைத்ததும் அது போடுகிற சத்தத்தை வைத்தே ஓரம் பெயரப்போகிறதா என்று சொல்லிவிடுவாள். கடையில் வேறு யாருக்கும் அந்தக் கணக்கு பிடிபடவில்லை.

செய்தி இப்படி இருந்தது: "அன்பான வாடிக்கையாளரே, தங்கள் மாடலுக்கான சேவை இம்மாதம் முப்பதாம் தேதியுடன் நிறைவடைகிறது. தங்கள் செவிப் பயணத்தில் உடன் வந்ததில் மகிழ்கிறோம்." கடைசியில் ஒரு சிரிக்கிற மஞ்சள் முகம். வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கருவி போன் வழியாகக் கம்பெனியிடம் அனுமதி வாங்கினால்தான் வேலை செய்யும். முப்பதாம் தேதிக்குப் பிறகு அனுமதி கொடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. காது நன்றாகத்தான் இருக்கிறது, அனுமதிதான் இல்லை. அந்தச் சிரிப்பு முகத்தைப் பார்த்துப் பார்த்து மெக்கானிக்குக்குப் பல்லைக் கடிக்கத்தான் வந்தது.

புது மாடல் வாங்கலாம் என்றால் மண்டையை மறுபடி திறக்க வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் வரிசை. மெக்கானிக் தன் வழியில் இறங்கினான். இருபது மாடி லிஃப்ட்டை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிறவனுக்கு இந்தக் கட்டைவிரல் அளவு சாமான் எம்மாத்திரம்? காதில் தொங்கும் பகுதியைப் பூதக்கண்ணாடி வைத்துத் திறந்தான். உள்ளே அனுமதி கேட்கிற ஒரு சின்னச் சில்லு. அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தான். சிவப்பு விளக்கு மூன்று தடவை மினுக்கியது. போனில் எழுத்து வந்தது: "அங்கீகரிக்கப்படாத பாகம்."

"என் நோட்டுல பின்சந்து டாக்டர் ஒருத்தர் இருப்பாரே," என்றான் அக்காவிடம். "கம்பெனி கைவிட்ட கண்ணு, காது, கை எல்லாத்தையும் சரிபண்ணித் தருவார். பகடைல ஏழு விழுந்தா போதும்னு எழுதி வச்சிருக்கேன்."

"ஏழுன்னு எழுதினது உன் நல்ல மனசு தம்பி," என்றாள் அக்கா.

இதைக் கேட்டுத்தான், கம்பெனிக்குள்ளேயே நேராகப் புகுந்துவிட்டால் என்ன என்ற யோசனை அவனுக்கு வந்தது. வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் வக்கீலைப் பார்த்திருக்கும், அல்லது நாலு பேரைக் கூட்டி அழுதிருக்கும். இவர்கள் பதினைந்து வருஷமாகக் கம்பெனிகளுக்குள் புகுந்து பழகியவர்கள். எல்லாக் கோபுரத்துக்கும் உச்சியில் ஓர் அறை உண்டு, அந்த அறையில் ஓர் ஆள் உண்டு, அவன் சட்டையைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று நம்புகிறவர்கள். செய்தியின் அடியில் பொடி எழுத்தில் அலுவலக முகவரி ஒன்று இருந்தது. பஸ்ஸில் நாற்பது நிமிஷ தூரம்.

ஞாயிற்றுக்கிழமை கட்டம்போட்ட தாளில் வரைபடம் தயாரானது. தெரு, வாசல், படிக்கட்டு, லிஃப்ட். "யாராவது நிறுத்தினா லிஃப்ட் செக்கிங்னு சொல்லுவேன்," என்றான் மெக்கானிக். "உலகத்துல எந்த வாட்ச்மேனும் லிஃப்ட்காரனைத் தடுக்க மாட்டான். மாடிப்படி ஏறணுமேங்கிற பயம் எல்லாருக்கும் உண்டு."

"மச்சான், அடிக்க வேண்டி வந்தா?" என்றார் டிரைவர். முகம் வெளிறியிருந்தது.

"நீங்க நின்னாலே போதும் மாப்ளே. யூனிபாரத்துல வாங்க."

தங்கை மூவரையும் பார்த்துச் சிரித்தாள். "செவிடன் காதுல ஊதின சங்குன்னு ஊர்ல என்னைத்தான் சொல்லுவாங்க. இப்ப ஊதறது நான், செவிடு அவங்களா?"

புதன்கிழமை காலை நான்கு பேரும் லீவு போட்டுவிட்டுப் போனார்கள். கோபுரம் என்று அவர்கள் நினைத்தது ஐந்து மாடிக் கட்டடம். கீழே செருப்புக் கடையும் ஜெராக்ஸ் கடையும். மெக்கானிக் கையில் கருவிப்பை, தோளில் டேப். "லிஃப்ட் செக்கிங்" என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்வதற்கு அங்கே ஆளே இல்லை. நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் யாரோ துண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மூன்றாவது மாடியில் ஒரு கண்ணாடிக் கதவு. பூட்டு இல்லை. தள்ளியதும் திறந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் செடி, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்த ஒரு வரவேற்புப் பெண். அவள் தலைக்குப் பின்னால் பலகை. அதில் காகிதத் துண்டில் அச்சடித்த நாற்பது கம்பெனிப் பெயர்கள். ஏற்றுமதி, சோப்பு, ஆன்லைன் ஜோதிடம் எல்லாம் தாண்டி முப்பத்திரண்டாவது வரியில் காதுக் கம்பெனி.

"அவங்க யாரும் இங்க வந்ததே இல்லைங்க," என்றாள் அந்தப் பெண். "அட்ரஸ் மட்டும்தான் இங்க. லெட்டர் வந்தா அந்த அட்டைப்பெட்டியில போடுவேன். மாசக் கடைசில அனுப்பிடுவேன்."

"யாருக்கு?"

"இன்னொரு ஊர்ல என்னை மாதிரி ஒரு பொண்ணு இருக்காங்க. அவங்களுக்கு."

மெக்கானிக் பலகையையும் அட்டைப்பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பதினைந்து வருஷம் ராப்பகலாக யோசித்து அவன் அந்தக் கம்பெனிக்கு எத்தனை மரியாதை செய்திருந்தான்! எண்பது மாடி கொடுத்தான். கண்ணில் சிவப்பு வெளிச்சம் வீசும் காவல் நாய்கள் கொடுத்தான். எஃகுத் தாடையும் வெள்ளி ஊன்றுகோலும் கொடுத்து, கெட்டவனுக்கும் ஒரு கம்பீரம் வைத்தான். இவன்களோ ஒரு காகிதத் துண்டும் அட்டைப்பெட்டியும் வைத்துக்கொண்டு ஊரான் வீட்டுப் பெண்ணின் காதை அணைக்கிறான்கள். "ஒரு நாய்கூட வைக்கலையே!" என்று கத்தியேவிட்டான். "எங்களைத் தடுக்கணும்னுகூட தோணலையா இவனுங்களுக்கு? அந்த அளவுக்குமா நாங்க ஒண்ணுமில்ல?"

வரவேற்புப் பெண் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். பாவம், அவளுக்கு எந்த நாயைப் பற்றிப் பேச்சு என்று தெரியாது. ஆனாலும் இழுப்பறையைத் துழாவி ஒரு போன் நம்பர் எடுத்துக் கொடுத்தாள். "இதுல பேசிப் பாருங்கக்கா," என்றாள் தங்கையிடம்.

அங்கேயே சோபாவில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டார்கள். எடுத்தது மனுஷக் குரல் இல்லை. ஆனால் எந்த மனுஷக் குரலையும்விடக் கனிவாக இருந்தது. காது கேளாதவர்களுக்கான கம்பெனி, புகாரைக் காதால் கேட்டு வாயால் சொன்னால்தான் பதிந்துகொள்ளும் என்று ஏற்பாடு செய்திருந்த அழகை அக்கா வாய்விட்டுத் திட்டினாள். "தங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது," என்றது குரல். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்றால் இதுதான்.

பிறகு அது ஒரு வழி சொன்னது. "செவித் தோழர்" என்று ஒரு திட்டம். அதில் சேர்ந்தால் பழைய மாடலுக்கும் மூன்று வருஷம் அனுமதி நீடிக்கும். கட்டணம் கிடையாது. அவள் காதில் விழுவதெல்லாம் கம்பெனிக்கும் போகும். புது மாடல்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க அது பயன்படும்.

"எல்லாமுன்னா?" என்றாள் தங்கை.

"தாங்கள் கேட்பவை அனைத்தும்."

"கடையில?"

"தாங்கள் கேட்பவை அனைத்தும்."

"வீட்டுல, எங்க ரூம்ல?"

அது மூன்றாவது தடவையும் அதே கனிவோடு அதையே சொன்னது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். சம்மதமானால் ஒன்றை அழுத்தவும் என்றது குரல்.

"வை போனை!" மெக்கானிக் எழுந்துவிட்டான். "இதை நோட்டுல எழுதியிருந்தா நீங்களே 'ரொம்ப ஓவர்'னு சிரிச்சிருப்பீங்க. காதைக் கொடுத்துட்டு, அந்தக் காதுலேயே ஒட்டுக் கேப்பானா? மானம் ரோஷம் வேண்டாமா நமக்கு? கோர்ட்டுக்குப் போவோம். பத்திரிகைக்கு எழுதுவோம். நான் விட மாட்டேன்."

தங்கை அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, உனக்குக் கோவப்பட நேரம் இருக்கு. எனக்குப் பதினொரு நாள்தான் இருக்கு. அந்த ஒன்றரை வருஷம் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நீங்க எல்லாரும் என் முன்னாடி வாயை வாயை அசைப்பீங்க. சிரிப்பீங்க. எதுக்குன்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னு எழுதிக் காட்டுவீங்க."

ஒன்றை அழுத்தினாள். "நன்றி, தோழரே," என்றது குரல். மெக்கானிக் கருவிப்பையை எடுத்துக்கொண்டு தனியாகப் படிக்கட்டில் இறங்கிப் போனான். கோபம் கம்பெனிமேலா தங்கைமேலா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வழக்கம் அதோடு நின்றது. மருந்துக்கடை அக்கா எந்த வாடிக்கையாளர் என்ன மாத்திரை வாங்கினார் என்று ஒன்றுவிடாமல் சொல்லுகிறவள், அன்று மழை வரும்போலிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். டிரைவர் டெப்போ மேனேஜரைப் பற்றி ஆரம்பித்து, பெண்டாட்டியின் காதைப் பார்த்துவிட்டு, "நல்ல மனுஷன்," என்று முடித்தார். மெக்கானிக் கதை சொல்ல நோட்டைத் திறந்தான். கம்பெனியை உள்ளே புகுந்து எரிக்கும் கட்டம் அது. எவன் கேட்டுக்கொண்டிருக்கிறானோ, நாளைக்கு இதுவே வம்பாகுமோ என்று தோன்றியது. ஒரு தாளை எடுத்து, அடுத்து என்ன நடக்கிறது என்பதை எழுதி அக்கா பக்கம் நகர்த்தினான். அக்கா படித்துவிட்டுத் தலையாட்டி அதை டிரைவரிடம் கொடுத்தாள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

தாள் தங்கையிடம் வந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உங்க பேச்சைக் கேக்கத்தானே அந்த ஒண்ணை அமுக்கினேன்?" என்றாள். "கடை லென்ஸ் சத்தம் கேக்கவா? அந்தப் பாவிங்க கேக்கறாங்கன்னு நீங்க வாயை மூடிக்கிட்டா, எனக்குன்னு என்னதான் மிச்சம்? எழுதிக் காட்டறீங்க, மறுபடியும்! அவங்க முப்பதாம் தேதி அணைக்கறேன்னாங்க. நீங்க இன்னைக்கே அணைச்சுட்டீங்க."

மெக்கானிக்குக்குக் காது மடல் சுட்டது. படிக்கட்டில் இறங்கிப் போன அன்று ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது. தாளைக் கசக்கி எறிந்தான். நாற்காலியை இழுத்துத் தங்கையின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

"உனக்கு மட்டும் இல்லம்மா. எல்லாருக்கும் கேக்கட்டும்." பிறகு அந்தக் கம்பெனியைத் திட்டத் தொடங்கினான். இந்தக் கதையில் அச்சிட முடியாத வார்த்தைகளோடு ஆரம்பித்து, அதன் அட்டைப்பெட்டியை, அதன் கனிவான குரலை, மஞ்சள் சிரிப்பை, அதை யோசித்தவனை, அவனுக்குச் சம்பளம் போட்டவனை என்று வரிசையாக, அடிவயிற்றிலிருந்து, தெருவுக்குக் கேட்கும்படி திட்டினான். கொஞ்ச நேரத்தில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். எறும்பை மிதிக்காத டிரைவரும் டெப்போ மேனேஜரில் தொடங்கி நன்றாகவே திட்டினார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.