கடல் பக்கம், வீட்டுப் பக்கம்

தையல்காரம்மாவின் மாடி வீட்டுக்குள் கடல் முதன்முதலாக வந்தபோது கணுக்கால் உயரம்தான் இருந்தது. செருப்புகள் மிதந்தன, நூல்கண்டுகள் சாயம் விட்டன, மற்றபடி பெரிய சேதமில்லை. கீழ்வீட்டுக் கூரை ஒழுகியதால் குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குதும்மா. இது எந்தக் குழாயிலயும் வராது, எனக்கு இங்க வேலையில்ல" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் வந்த வழி வீட்டாருக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். கப்பல் மூழ்கிவிட்டது, உடல் கிடைக்கவில்லை என்று தகவல் வந்தது. பூட்டு ரிப்பேர் செய்யும் தையல்காரம்மாவின் கணவர் அன்றைக்குக் கடையைப் பூட்டியவர்தான், பிறகு திறக்கவில்லை, வாயையும்தான். கை சும்மா இருந்தால் மனசு ஆளைத் தின்றுவிடும் என்று பயந்து, அவள் பொம்மைக் கடைக்குப் போய் ஜிக்சா படப்புதிர் கேட்டாள். கடைக்காரர் இரண்டு பக்கமும் படம் உள்ள பெட்டிகளை எடுத்துப் போட்டார்.

"ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கிறத எடுக்காதீங்க. எந்தச் சில்லுக்கு எது முகம், எது முதுகுன்னு தெரியாம தலையப் பிச்சுக்குவீங்க. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு, அப்படிப் பாத்து எடுங்க."

துணியைத் தடவியே தரம் சொல்லும் விரல்களால் தேடி எடுத்தாள். சொரசொரப்பான பக்கத்தில் ஒரு வீடு: விளக்கெரியும் கூடம், மேசைமேல் மூன்று தட்டுகள், ஒருக்களித்துத் திறந்த கதவு. அதற்காகத்தான் வாங்கினாள். பின்னால் பளபளவென்று கடல் இருந்ததை அவள் பொருட்படுத்தவில்லை.

ஓரச் சில்லுகளை முதலில் கோத்தார்கள். கணவர் சாவியின் பல்லைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சில்லையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மழைக்காலம் முடிந்தபோது வீடும் முடிந்தது. "கதவு நம்ம கதவு மாதிரியே இருக்குல்ல" என்று அவர் பேசினார். அந்த மகிழ்ச்சியில் இரண்டு பலகைகளுக்கு நடுவே படத்தை இறுக்கிப் பிடித்து, மறுபக்கமும் சரியாக வந்திருக்கிறதா என்று புரட்டினார்கள். மேல்பலகையை எடுத்ததும் கடல் தரையில் இறங்கியது. படத்தில், கடலின் கோடியில், கடுகளவு ஒரு கரும்புள்ளி தெரிந்தது.

வீட்டுப் பக்கம் திருப்பினால் தண்ணீர் வடிந்துவிடும். அடுத்த முறை கடல் பக்கம் திருப்பியபோது புள்ளிக்குக் கைகள் இருந்தன, அவை நீந்தின. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. அதற்கடுத்த முறை இடுப்புவரை நின்றது. நீந்துகிறவனின் நெற்றியில் மகனின் தழும்பைத் தாய் பார்த்துவிட்டாள். கீழ்வீட்டு நர்ஸின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து, நடமாட முடியாத அவள் அப்பாவின் காலடியில் விழுந்தது. அவள் மேலே வந்து, "அப்பா கட்டில நகத்திட்டேங்க்கா, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். குறை சொல்லாதவர்களின் முன்னால் நிற்பதுதான் கஷ்டம். பூட்டுக்காரரால் நிற்க முடியவில்லை.

மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், முடிந்த படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறவர்கள் செய்வதுபோல, மேலாக இருந்த வீட்டின்மீது அவர் பசை பூசினார். இனி புரட்டினாலும் கடல் அசையாது என்று நினைத்தார். பசை இடுக்குகளில் இறங்கி, கடலை மேசையோடு ஒட்டிவிட்டது.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள் திரும்பி வந்த மனைவி.

"கூரை அந்தப் பெரியவர் தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நம்ம புள்ள கரைக்கிட்ட வந்துட்டான்யா!"

அப்போது மேசைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. விரல் முட்டியால் கதவைத் தட்டும் சத்தம். சண்டைச் சத்தம் கேட்டு வந்த நர்ஸ் மேசையில் காதை வைத்துக் கேட்டாள். "கூரை போனா பூசிக்கலாம். உள்ள ஆளு இருக்கு, முதல்ல அதப் பாருங்க" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையைக் கவிழ்க்கப் பிடித்தாள். பூட்டுக்காரர் அடியிலிருந்து மேசைப் பலகையை உளியால் செதுக்கினார். பாதியில் தட்டல் நின்றது. கடைசிச் சிராயையும் நீக்கியபோது பசையில் அசையாத கடல் தெரிந்தது. அதில் யாரும் இல்லை. தையல்காரம்மா, கப்பல் செய்தி வந்த நாளில்கூட அழாத அழுகையை அழுதாள்.

நர்ஸ்தான் படத்தைத் திருப்பினாள். "அக்கா, இங்க பாருங்க."

பசைக்கு அடியில் வீட்டின் கதவு சாத்தியிருந்தது. கதவிலிருந்து மேசைவரை ஈரக் காலடிகள் போயின. மூன்றாவது தட்டில் யாரோ சாப்பிட்டிருந்தார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டுக்குக் கடல் வரவில்லை. பூட்டுக்காரர் கடையைத் திறந்தார். ஊரில் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார், அந்தக் கதவுக்கு மட்டும் அவரால் சாவி செய்ய முடியவில்லை. பையன் வீடு சேர்ந்துவிட்டான், சேர்ந்த வீடுதான் வேறு என்று இருவரும் ஆண்டவனிடம் சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. சுவரில் தொங்கும் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தையல்காரம்மா அந்தியில் ஒரு துவாலை மாட்டுவாள். காலையில் அது உப்பு ஈரத்தோடு இருக்கும். நர்ஸ் மேலே வந்து அதை எடுத்துப்போய், அலசி, அப்பாவின் துணிகளோடு கொடியில் காயப்போட்டு, மடித்துக் கொண்டுவந்து கொடுப்பாள்.