அறுபத்தொரு கிலோ

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, பதினேழாம் எண் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணின் எடை அறுபத்தொரு கிலோவிலிருந்து எட்டு கிலோவாகக் குறைந்தது. உடம்பு இளைக்கவில்லை, எடை மட்டும் போய்விட்டது. மிதித்தால் பிரேக் இறங்கவில்லை, அவள்தான் இருக்கையைவிட்டு எழும்பினாள். கைப்பிரேக்கை இழுத்து வண்டியை ஓரங்கட்டினாள். பிரேக் மிதிக்க முடியாதவளுக்கு டிப்போவில் என்ன வேலை? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காற்றடித்த இடங்களில் விளக்குக் கம்பங்களைப் பிடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள்.

காரணம் ஊருக்கே தெரியும். முந்தின வாரம் குறுக்கே வந்த நாய்க்காக அவள் சட்டென்று நிறுத்த, பின்னால் வந்த கார் முட்டிக்கொண்டது. ஒரு விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். அதை வைத்து ஒரு செய்தித்தளம் வாசகர்களைக் கேட்டது: 'கவனக்குறைவான ஓட்டுநரை இன்னும் வேலையில் வைத்திருக்கலாமா?' தளத்தில் கார்ப் பிரியர்களுக்கான பக்கத்தில் மட்டும் கேட்டது. பேருந்தில் போகிறவர்கள் பார்ப்பதற்குள், செவ்வாய் மதியத்தோடு ஓட்டுப் போடும் நேரம் முடிந்துவிட்டது. கூடாது என்றவர்கள் எண்பத்தேழு சதவீதம். சரியாக அந்த அளவு அவள் எடையிலிருந்து கழிந்தது.

அந்தத் தளத்தில் கேள்வி எழுதுகிறவன் அவளுடைய தம்பி. அம்மா போனபின் அவள் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன். நாய் வந்த கதையை அவனிடம்தான் முதலில் சொல்லியிருந்தாள். போனில் கூப்பிட்டாள்.

"கவனக்குறைவுன்னு எழுதினது நீயாடா?"

"ஒரே ஒரு வார்த்தைதானேக்கா. சப்புனு கேட்டா யாரு ஓட்டுப் போடுவா?"

அவளுக்கு வயிறு எரிந்தது. எட்டு கிலோவுக்குள் அவ்வளவு எரிச்சல் எப்படித்தான் அடங்கியதோ.

பயந்துபோன தம்பி மறுநாளே இன்னொரு கேள்வி எழுதினான்: 'பன்னிரண்டு வருடம் நம்மைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்த அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டுமா?' இந்த முறை பேருந்துப் பயணிகளுக்கான பக்கத்தில். ஆமாம் என்றவர்கள் தொண்ணூற்றுநான்கு சதவீதம். மாலைக்குள் அந்த அளவு எடை திரும்பியது, டிப்போவும் கூப்பிட்டது. தூக்கியெறிந்த அதே சாமர்த்தியம்தான் இறக்கியும் வைத்தது என்பது அவளுக்குத் தெரியாதா?

தம்பி பழங்களோடு வாசலில் வந்து நின்றான். "உள்ள வரலாமாக்கா?"

"கேள்விய ஒழுங்கா கேளு."

தொழில்காரன், கேள்வியைத் திருத்தினான். "உண்மை தெரிஞ்சும் உன்ன மாட்டிவிட்ட தம்பி உள்ள வரலாமா?"

"வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

அதன்பின் ஒன்பது வருடம் வண்டி ஓட்டினாள். காலையில் எடை பார்த்துத்தான் ஓட்டுநர்களுக்குச் சாவி கொடுப்பது டிப்போவில் வழக்கமாகிவிட்டது. அவள் எடை ஐம்பத்தேழைத் தாண்டவேயில்லை. புதிதாக வந்த மேற்பார்வையாளர் அறுபத்தொன்று என்றிருந்த பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "மீதி நாலு கிலோ எங்கம்மா?" என்று கேட்டார்.

"தம்பி கொண்டுபோயிட்டான் சார்."

அவர் அதையும் குறித்துக்கொண்டு சாவியை நீட்டினார்.