வெறும் தட்டில் வெளிச்சம்

"உன் கையிலதான் ஏதோ இருக்கு சேரா! இல்லாட்டா சுத்தமான தண்ணி ஏன் இப்படி ஜொலிக்கறது?"

"இன்னா ஸ்ரீ, கையுறை போட்டுக்கினுதானே தொடறேன்! உங்கப்பா சொல்றதையே நீயும் சொல்றியா?"

அபிராமபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில்தான் இந்த ரகளை. ஸ்ரீலக்ஷ்மி அங்கே கேன் தண்ணீரைச் சோதிக்கும் லேப் வைத்திருந்தாள். கூடப் படித்த, பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுச் சேரன் அவளிடமே வேலை பார்த்தான். மருந்து கலந்த தண்ணீரைக் குழிக்குழியான தட்டில் ஊற்றி மெஷினில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அதன் புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். மெஷின் அடியிலிருந்து அளந்து எண் சொல்லும். கொஞ்ச நாளாக எல்லாக் குழியும் ஒளிர்ந்தது.

"மீன் தொட்ட கை, வேறென்ன" என்று அவள் அப்பா பத்ரிநாராயணன் மாமா கேட் அருகே நின்று முணுமுணுத்தார். மாமாவின் முணுமுணுப்பு தெருக்கோடி வரை கேட்கும்.

"நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. ஷட்டர் பாதி திறந்திருந்தது. நான் காய்ந்த துணியையே மறுபடி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"போறேன். அதுக்கு முன்னாடி ஒரு காலித் தட்ட நீயே பிரி, நீயே வை. நான் தொட மாட்டேன்."

புதுத் தட்டைப் பிரித்தாள். கைரேகை படக் கூடாதென்று வழக்கம்போல அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து வைத்தாள். அதே எண்கள்.

"அதுல தண்ணியும் இல்ல, நானும் இல்ல" என்றான் சேரன்.

இன்னொன்றைத் துடைக்காமலே வைத்தாள். வெளிச்சமே காணோம். கையிலிருந்த துணிமேல் புற ஊதா டார்ச்சை அடித்தாள். கல்யாண மண்டப போர்டு மாதிரி எரிந்தது. துடைக்கிற லேப் காகிதம் தீர்ந்துபோய், மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்தாளாம். வேட்டி பளிச்சென்று இருக்க மாமா அள்ளிக் கொட்டும் சலவைப் பவுடர்தான் அப்படி ஒளிர்கிறது. அந்த வேட்டி நூல்தான் தட்டுகளின் அடியிலெல்லாம் ஒட்டியிருந்தது.

மாமா சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

"தப்பு என் மேலதான் சேரா. அப்பா சொன்னதை நான் நம்பியிருக்கக் கூடாது."

சேரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இனிமே வேலைக்காரனா வர மாட்டேன். பங்கு குடுத்தா வரேன்" என்றான்.

கொடுத்தாள்.

இரண்டு பேருக்கும் கல்யாணம்தான் என்று நாலு வீட்டில் சொல்லிவைத்தேன். என் மானம் போனது. சேரன் தன் தெருப் பெண் நிலாவைக் கட்டினான். அந்தக் கல்யாணத்தில் ஸ்ரீலக்ஷ்மி முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாளாம். அவள் நிரஞ்சன் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டு அடையாறு போனாள். லேப்பும் அங்கேயே போனது, போர்டில் ஸ்ரீலக்ஷ்மி, சேரன் இருவர் பெயரோடு. ஷெட்டில் இப்போது மாமாவின் கார் நிற்கிறது. அது யாரோடும் சண்டை போடுவதில்லை.