காலித் தட்டுக்கு வந்த ஆள்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், முதல் நட்சத்திரம் எப்போது தலைகாட்டும், எப்போது சாப்பிட உட்காரலாம் என்று லெஷெக் தன் வீட்டு மேசையில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக் காத்திருந்தான். சமையலறையில் அவன் மனைவி ஜிட்டா கெண்டை மீனை எண்ணெயில் போட்டாள். அடுப்புக்கு மேலே இருந்த புகை உறிஞ்சியை முழு வேகத்தில் வைத்தாள். மெழுகுவத்திச் சுடர் அப்படியே சமையலறைப் பக்கம் சாய்ந்தது.

அதைப் பார்த்ததும் லெஷெக்குக்குத் தான் செய்யாமல் விட்ட ஒரு சோதனை ஞாபகம் வந்தது.

சானோக் ஊரில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் கணப்பு பொருத்துவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருபது வருஷமாக மார்தட்டிக்கொண்டவன். மூன்று வாரத்துக்கு முன் போக்னா என்ற வாடிக்கைக்காரி வீட்டில் ஒன்று பொருத்தினான். பழைய செங்கல் புகைபோக்கிக்குள் எஃகுக் குழாயை இறக்கினான். கேஸ் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தான். பாக்கி ஒரே சோதனை. ஜன்னல்களை மூடி, கணப்பை எரியவிட்டு, சமையலறை உறிஞ்சியை முழு வேகத்தில் ஓடவிட்டு, புகை மேலே போகிறதா, உறிஞ்சியின் இழுப்பில் அறைக்குள் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். போக்னாவின் புது உறிஞ்சியோ அன்றைக்குப் பெட்டியே பிரிக்காமல் கிடந்தது. மாட்டியதும் கூப்பிடுவதாகச் சொன்னாள். அதுவரை பொறுக்க லெஷெக் துரைக்கு நேரமில்லை. படிவத்தில் சோதனை முடிந்தது என்ற கட்டத்தில் ஒரு டிக், கீழே கையெழுத்து. விஷக்காற்று அலாரம் ஒன்று வாங்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "நான் செஞ்ச வேலைக்கு அலாரமா? என்னைக் கேவலப்படுத்தாதம்மா" என்று சிரித்தது வேறு.

இன்று ஊரில் மீன் பொரிக்காத வீடு கிடையாது, உறிஞ்சி ஓடாத வீடும் கிடையாது. போக்னாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நட்சத்திரம் வர்ற நேரத்துல எங்க கிளம்புறீங்க?" என்று ஜிட்டா கரண்டியோடு வந்தாள். அவன் கோட்டை மாட்டியபடியே வண்டிக்கு ஓடிவிட்டான்.

கதவைத் திறந்தது போக்னாவின் மகள் கிங்கா. எட்டு வயது. அவனைப் பார்த்ததும் கத்தினாள். "அம்மா! காலித் தட்டுக்கு ஆள் வந்துட்டாரு!"

வழிப்போக்கன் எவனாவது வந்தால் பசியோடு போகக் கூடாது என்று அன்றிரவு எல்லா வீட்டு மேசையிலும் ஒரு தட்டு அதிகம் வைப்பார்கள். வைப்பதோடு சரி, யாரும் வந்து பார்த்ததில்லை. போக்னாவின் கணவன் நார்வேயில் வேலை, இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அதனால் வந்த ஆளை அவர்கள் விடுவதாக இல்லை. கையைப் பிடித்து இழுத்து அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

"உங்களப் பத்திதாண்ணே பேசிக்கிட்டிருந்தோம். என்ன கதகதப்பு பாருங்க!" என்றாள் போக்னா. உறிஞ்சி இரைந்துகொண்டிருந்தது. நீலமாக எரிய வேண்டிய கணப்பு மஞ்சளாக எரிந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

உண்மையைச் சொல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் லெஷெக் அப்போதும் நினைத்தான். வெட்கக்கேடு. மெல்ல எழுந்து ஜன்னலைத் திறந்தான்.

"ஐயோ, மாமாவுக்குக் குளிரும்ணே" என்று போக்னா சாத்தினாள்.

அவளுடைய மாமனார் ஹியரோனிம், சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் பிட்டுப் பகிர வேண்டிய மெல்லிய அப்பத்தைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "காலையிலேர்ந்து பட்டினி. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுப்பா."

"எனக்கும்தான் தாத்தா," என்று கிங்கா கண்ணை மூடி மேசையில் தலை சாய்த்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிட்டா சரியாப் போயிடும்" என்றாள் போக்னா.

லெஷெக் ஒரு தீக்குச்சியைக் கிழித்து, ஊதி அணைத்து, கணப்பின் வாயருகே பிடித்தான். புகை உள்ளே போகவில்லை. அவன் முகத்துக்கே வந்தது.

"இது பட்டினித் தலைவலி இல்ல, விஷக்காத்து! எல்லாரும் வெளிய வாங்க!" என்று அலறினான். கேஸை மூடினான், உறிஞ்சியை நிறுத்தினான், ஜன்னல்களைத் திறந்துபோட்டான், கிங்காவைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். அங்கிருந்தே ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். பெரியவர் அப்பத் தட்டோடு தள்ளாடி வந்து படியில் உட்கார்ந்தார். பனிக்காற்று பட்டதும் கிங்கா கண் விழித்து, குளிருது என்று சிணுங்கினாள். வானத்தில் நட்சத்திரம் எப்போதோ வந்திருந்தது.

பின்னாலேயே வந்த போக்னா அழுதுகொண்டே அப்பத்தைப் பிட்டு அவனிடம் நீட்டினாள். "சாமியே உங்கள அனுப்பி வச்சிருக்குண்ணே. நீங்க வரலேன்னா எம்புள்ளய..."

வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். உறிஞ்சியில் கோளாறு என்று சொன்னால் நம்பியிருப்பாள். அந்த நன்றிதான் அவனைப் போட்டு அறுத்தது.

"சாமி அனுப்பலம்மா. தப்புப் பண்ணவன் நானாத்தான் வந்தேன். அந்தக் கடைசி சோதனைய நான் செய்யவே இல்ல. செஞ்சதா டிக் போட்டுட்டேன். அலாரம் வேணாம்னதும் நான்தான்."

போக்னா அவனையே பார்த்தாள். நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல மட்டுமா?"

இல்லை என்று லெஷெக் தலையை ஆட்டினான். "இன்னும் மூணு வீடு."

"அவங்களும் இப்ப மீன்தானே பொரிக்கிறாங்க? எம் மூஞ்சிய என்னத்தப் பாக்குறீங்க? போங்க!"

"அப்ப அந்தத் தட்டுல யாரும்மா சாப்பிடுவா?" என்று கேட்டாள் கிங்கா. லெஷெக் வண்டியை நோக்கி ஓடிக்கொண்டே அந்த மூன்றில் முதல் வீட்டு எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.